ஒன்பதைப் பிடி

உங்கள் பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். காற்றாய் ஓடுகிறவன் எக்ஸ்ட்ரீம். காலில் வித்தை உள்ளவன் சென்டர் ஃபார்வர்ட். பயம் என்றால் என்னவென்று தெரியாதவன் கோலி. இதில் எதுவுமே இல்லாமல் உயரம் மட்டும் இருக்கிறவன் ஸ்டாப்பர் பேக். நான் நல்ல உயரம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எதிர் டீமில் பேர்போன ஃபார்வர்ட் ஒருத்தன் இருந்தால் அவனை மட்டும் பிடிப்பதற்கென்று ஒரு ஆளை ஒதுக்குவார்கள். மேன்-டு-மேன் மார்க்கிங். கேட்பதற்குக் கௌரவமான உத்தியோகம்தான். ஆனால் நல்ல டிஃபெண்டரை இதற்கு அனுப்பிவிட்டால் மற்ற இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். அதனால் யார் காணாமல் போனாலும் டீமுக்கு வித்தியாசம் தெரியாதோ, அவனைத்தான் அனுப்புவார்கள். இந்த ரகசியம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. அதுவரை மாஸ்டருக்கு என்மேல் தனி நம்பிக்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பேர்போன ஃபார்வர்டுகளுக்குப் பஞ்சமே கிடையாது. புன்னக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை என்று கடற்கரையோரமாகத் தெற்கே போகப்போக, சாயங்காலம் ஆனால் மணலில் பந்து உருளும். வெறுங்கால். மணல் காலை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பிலேயே நின்று, திரும்பி, வெட்டி ஓடிப் பழகியவனைக் கெட்டித் தரையில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் டவுன்காரன். நான் ஓடிப் பழகியதெல்லாம் டியூஷனுக்கு லேட்டான நாட்களில்தான்.

1994-ல் எனக்கு வாய்த்தவன் அப்படி ஒரு கடற்கரை ஊர்ப் பையன். பெயர் வேண்டாம், அவனும் இங்கேதான் இருக்கிறான், நானும் இங்கேதான் நடமாட வேண்டும். முதுகில் 9. என்னைவிட ஒரு வயது இளையவன், ஒரு ஜாண் குட்டை. பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ரெஃப்ரி விசில் ஊதும்வரை அது இருந்தது.

மேட்சுக்கு முன்னால் எங்கள் பி.டி. மாஸ்டர் ஒரு கதை சொன்னார். அவருக்கு ஒரு குலதெய்வம் உண்டு. பெயர் கிளாடியோ ஜென்டிலே, ஊர் இத்தாலி. 1982 ஸ்பெயின் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு மேட்ச். மரடோனாவுக்கு அப்போது 21 வயது. ஜென்டிலே அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டார். இடித்தார், இழுத்தார், மிதித்தார். அன்றைக்கு மட்டும் மரடோனாமேல் நடந்த ஃபவுல் 23. அதில் இவர் கைங்கரியமும் உண்டு. கிடைத்த தண்டனை ஒரே ஒரு மஞ்சள் அட்டை. இத்தாலி 2-1. அடுத்த மேட்சில் பிரேசிலின் ஜிகோவைப் பிடித்தார். ஜிகோவின் சட்டையே கிழிந்தது. அதிலும் இத்தாலி, 3-2. கடைசியில் உலகக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மாஸ்டர் கதையை முடித்துவிட்டு என் தோளில் கை வைத்து, "ஒன்பதைப் பிடிலே. அவன் தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போ" என்றார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பையன் நான். வந்த வினையே அதுதான்.

தருவை மைதானம். முதல் நிமிஷம். பந்து அவன் காலுக்கு வந்தது. நான் வலது பக்கம் போனேன். அவன் இடது பக்கம் போயிருந்தான். பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. நான் போஸ்டுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அன்றைக்கு எங்கள் டீமில் ஒழுங்காக டிஃபெண்ட் செய்தது அந்தக் கம்பம்தான்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் 1974 உலகக் கோப்பை ஃபைனலை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரியுங்கள். மூனிக் நகரம், ஜூலை 7. மேற்கு ஜெர்மனியின் பெர்டி ஃபோக்ட்ஸுக்கு இட்ட வேலை, ஹாலந்தின் யோஹான் க்ரைஃபைப் பிடிப்பது. மேட்ச் தொடங்கியதும் க்ரைஃப் பந்தை வாங்கினார், ஃபோக்ட்ஸைத் தாண்டினார், பெனால்டி பாக்ஸில் இன்னொருவர் அவரைத் தட்டிவிட்டார். பெனால்டி. கோல். அதுவரை ஒரு ஜெர்மன்காரர் கால்கூடப் பந்தில் பட்டிருக்கவில்லை! கொஞ்ச நேரத்தில் ஃபோக்ட்ஸுக்கு மஞ்சள் அட்டை வேறு. அப்படி விழுந்த மனுஷன், எழுந்து நின்று மீதி நேரம் க்ரைஃபை மூச்சு விடாமல் பிடித்தார். ஜெர்மனி 2-1. (அதற்கு நாலு நாள் கழித்து எங்கள் துறைமுகத்தைப் பெரிய துறைமுகம் என்று அறிவித்தார்கள். 1974 என்றால் எங்கள் ஊரில் அதுதான் பேச்சு; ஃபோக்ட்ஸை யாரும் சீந்துவதில்லை.) முதல் நிமிஷத்தில் அவர் ஏமாந்தார், நானும் ஏமாந்தேன். அவர் எழுந்து நின்றார், நானும் எழுந்து நின்றேன். எங்கள் இருவருக்கும் உள்ள ஒற்றுமை அத்தோடு முடிகிறது.

டிஃபெண்டருக்குச் சொல்லித்தருகிற பாடம் ஒன்றும் ரகசியமில்லை. பாய்ந்து விழாதே. ஒரு கை தூரம் விட்டு நில். நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் ஒருக்களித்து நில், திரும்புவதற்குத் தோதாக. முட்டியை மடக்கு. முக்கியமாக, காலைப் பார்க்காதே, பந்தைப் பார். கால் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லும், கண் கூசாமல் பொய் சொல்லும். பந்து பொய் சொல்லாது. எனக்கு எல்லாம் மனப்பாடம். பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன்.

பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன். அவன் பந்தை நுனிக்காலால் ஒரு நெம்பு நெம்பினான்; அது மெள்ள என் தலைக்கு மேலே கிளம்பியது. பாடப்படி நானும் அண்ணாந்து பந்தையே பார்த்தேன். கச்சான் காற்று வாரி இறைக்கிற மாதம் அது. ரெண்டு கண்ணிலும் மண். கசக்கிவிட்டுப் பார்த்தபோது பந்தும் இல்லை, ஆளும் இல்லை. நல்லவேளையாக எங்கள் கோலி பயம் அறியாதவன். பல் மட்டும் கொஞ்சம் ஆடியது.

மாஸ்டர் லைனுக்கு வெளியே நின்று கத்தினார்: "லெஃப்டுக்குத் தள்ளுலே! அவனுக்கு லெஃப்ட் வராது!" இதுவும் நல்ல பாடம்தான். ஸ்டார் பிளேயரை முழுசாக நிறுத்த முடியாது. அவன் விரும்பாத காலுக்கு, விரும்பாத மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போக முடியும். ஒதுக்கினேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை. வலது பக்கத்தை அடைத்து அடைத்து அவனை இடது காலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இடது காலால் அடித்தான். நெட் கிழியாததுதான் பாக்கி. திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஸ்கோர் எழுதுகிற பையனோடு ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ரெண்டாவது கோலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் காலை அகட்டி வைத்து, உறுமுகிற முகத்தோடு நின்றேன். அவன் பந்தோடு வந்தான். வந்தவன், "அண்ணே, லேஸ் அவுந்து கெடக்கு" என்றான். குனிந்து பார்த்தேன். அந்த இடைவெளி அவனுக்குப் போதும். பொய் சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று ரெஃப்ரியிடம் புகார் செய்ய ஓடினேன். ஓடும்போது என் லேஸை நானே மிதித்து விழுந்தேன். உண்மையிலேயே அவிழ்ந்துதான் இருந்தது.

இனி ஜென்டிலேதான் வழி என்று முடிவு செய்தேன். அடுத்த தடவை அவன் என்னைக் கடந்தபோது பின்னாலிருந்து ஜெர்ஸியை எட்டிப் பிடித்தேன். கொத்தாக, நடு முதுகில். இன்றைக்கு மாதிரி மெஷினில் அச்சடித்த நம்பர் இல்லை அது. வெள்ளைத் துணியை 9 மாதிரி வெட்டி, டெய்லர் அங்கங்கே ஒப்புக்கு ரெண்டு தையல் போட்டது. சர்ரென்று ஒரு சத்தம். அவன் போய்க்கொண்டே இருந்தான். ஒன்பது மட்டும் என் கையோடு வந்துவிட்டது.

விசில். ரெஃப்ரி வந்து என் கையைப் பார்த்தார். அவன் முதுகைப் பார்த்தார்; நம்பர் இருந்த இடத்தில் வெயில் படாத புதுத் துணி அதே 9 உருவத்தில் பளிச்சென்று இருந்தது. மறுபடி என் கையைப் பார்த்தார். "குடுப்பா" என்றார். கொடுத்தேன். மஞ்சள் அட்டையை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, அதே பாக்கெட்டில் ஒன்பதை மடித்துப் போட்டுக்கொண்டார். மைதானத்தைச் சுற்றி நின்ற சைக்கிள்காரர்கள் சீட்டை விட்டு இறங்கிச் சிரித்தார்கள். மாஸ்டர் 'ஒன்பதைப் பிடி' என்றார், பிடித்துவிட்டேன். அதற்குமேல் என்னிடம் என்ன எதிர்பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செகண்ட் ஹாஃபில் கொஞ்ச நேரம் எனக்கு நல்ல காலம். பந்து அவன் பக்கமே வரவில்லை. என் மார்க்கிங்கின் மகிமை என்று நெஞ்சு விம்மியது. அவன் மெள்ள நடந்து டச் லைன் பக்கம் போனான். நானும் போனேன். லைனுக்கு வெளியே அவர்கள் டீமின் தண்ணீர்க் குடம் இருந்தது. குனிந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தான். நான் பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், ஒருக்களித்து நின்றேன். அவன் என்னைப் பார்த்து, "வேணுமாண்ணே?" என்றான். மரியாதையான பையன். எனக்கும் தொண்டை வறண்டு கிடந்தது. வாங்கினேன். அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது எங்கோ பெரிய கூச்சல். நான் நிற்கவேண்டிய இடத்தின் வழியாக அவர்கள் ரைட் எக்ஸ்ட்ரீம், ஏதோ சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி, யாரும் மறிக்காமல் நேரே போய்ப் பந்தை உள்ளே வைத்திருந்தான். "கோல் ஆயிட்டுண்ணே" என்று சொல்லி டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டான் ஒன்பது.

ஸ்டார் பிளேயர் பந்தைத் தொட்டால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். தொடாமலே கெடுப்பான். அவன் இடம் மாறினால் அவனுக்குப் பயந்தவர்களும் கூடவே இடம் மாறுவார்கள். விட்டுவிட்டு வந்த இடம் மற்றவனுக்கு. பெரிய பெரிய கோச்சுகள் 'ஸ்பேஸ்' என்று இதைப் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குகிறார்கள். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் விளங்கிவிட்டது. என்ன, குடித்து முடித்தபிறகு விளங்கியது.

சரி, நான்தான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன், எனக்குப் பின்னால் நின்றவன் என்ன செய்தான் என்று நீங்கள் கேட்க வேண்டும். நியாயமான கேள்வி. எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக நடந்தது 1961-ல்) குளிக்கிறவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு அடிக்குப் போவான். மேலே தோணியில் ஒருத்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே போனவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தன் அக்காவின் தாலி மேல் அவனுக்கு அக்கறை இருக்கும் அல்லவா? டிஃபென்ஸும் அப்படித்தான். முன்னால் போய் முட்டுகிறவனைவிட, அவன் ஏமாந்தால் இழுத்துப்பிடிக்கப் பின்னால் நிற்கிறவன்தான் முக்கியம். அந்த ஸ்வீப்பர் மட்டும் சரியாக இருந்தால் எந்த ஸ்டாரையும் ரெண்டு பேராகச் சேர்ந்து ஒப்பேற்றிவிடலாம். எங்கள் ஸ்வீப்பருக்கு அக்காவும் கிடையாது, அக்கறையும் கிடையாது.

நடுவில் ஆஃப்சைடு டிராப் என்று ஒன்றையும் செய்து பார்த்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்தால் எதிரி பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். "அவுட்!" என்று கேப்டன் கத்தினான். காற்று அந்தச் சத்தத்தைக் கடல் பக்கம் கொண்டுபோய்விட்டது. எல்லோரும் நகர்ந்தார்கள். எதிரிக்குத் துணையாக நான் ஒருத்தன் பின்னாலேயே நின்றேன். அவன் அடித்தது மேலே போனது, அவனுக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

நாலாவது கோல் என்னுடையது. ஆமாம், நான் அடித்தது. கார்னரிலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. என்னை டீமில் எடுத்ததே இந்த ஒரு வேலைக்குத்தான். ஒன்பதை முந்திக்கொண்டு எம்பினேன். வாழ்க்கையில் அவ்வளவு உயரம் எம்பியதில்லை. நெற்றியின் நடுவில் பந்து 'டப்'பென்று பட்டது. எதிர்க்காற்றில் மேலே ஏறி, ஒரு நொடி யோசித்து, வந்த வழியே திரும்பி, எங்கள் கோலில் மேல் மூலையில் போய் விழுந்தது. செல்ஃப் கோல்தான், ஆனால் கோல் என்ற முறையில் குறை சொல்ல முடியாது. நல்ல பிளேஸ்மென்ட். கோலிக்குச் சான்ஸே இல்லை.

4-0. முட்டியில் தோல் உரிந்த இடத்தில் உப்பளத்துக் காற்று பட்டு எரிய, வீடு வந்து சேர்ந்தேன். அம்மா, "ஜெயிச்சிட்டியளா?" என்று கேட்டாள். "நான் ஒரு கோல் அடிச்சேம்மா" என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு முட்டை கூடுதல்.

ஆறுதலுக்கு ஆள் தேடினால் கிடைக்காமல் போவதில்லை. அதே 1994-ல்தான் அமெரிக்காவில் உலகக் கோப்பை. இத்தாலியின் ஃபிராங்கோ பாரேசிக்கு முதல் சுற்றிலேயே முட்டியில் அடி. ஆபரேஷன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஃபைனலில் வந்து இறங்கினார், பிரேசிலின் ரொமாரியோவுக்கு எதிராக. 120 நிமிஷம். ரொமாரியோவால் ஒரு கோல் போட முடியவில்லை. 0-0. அப்படியொரு டிஃபென்ஸ் ஆடிய மனுஷனைக் கூப்பிட்டு முதல் பெனால்டியை அடிக்கச் சொன்னார்கள். பந்து பாருக்கு மேலே. உலகம் அதையாவது ஞாபகம் வைத்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கடைசிப் பெனால்டியை வெளியே அடித்து அந்தப் பேரையும் ராபர்ட்டோ பாஜியோ தட்டிக்கொண்டு போனார். டிஃபெண்டருக்கு அவப்பெயர்கூட நிலைப்பதில்லை.

இன்னும் கிட்டத்து ஆறுதல் வேண்டுமென்றால் ஜெரோம் போட்டெங். 2014 ஃபைனலில் மெஸ்ஸியின் அர்ஜென்டினாவைக் கோல் அடிக்க விடாமல் கோப்பை வாங்கிய ஜெர்மன் டிஃபென்ஸில் நின்றவர். பத்து மாதம் கழித்து, 2015 மே மாதம், சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல், பார்சிலோனா. மெஸ்ஸி உள்ளே வெட்டுகிற மாதிரி காட்டி வெளியே போனார். போட்டெங்கின் கால்கள் ஒன்றோடொன்று கலந்தாலோசித்து, ஒத்துவராமல், அவரை மல்லாக்கச் சாய்த்தன. மெஸ்ஸி நிதானமாகப் பந்தைக் கோலிக்கு மேலே தூக்கிப் போட்டார். உலகமே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்லவேளை, 1994-ல் தருவையில் கேமரா இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் டீக்கடையில் பழைய ஃபுட்பால் பேச்சு வந்தால் நான் ஒரு கணக்கு சொல்வேன். எங்களோடு ஆடியதற்கு முந்தின மேட்சில் ஒன்பது மூன்று கோல் அடித்திருந்தான். நான் பிடித்த மேட்சில் ரெண்டுதான். மூன்றாவது வேறு ஒருத்தன் அடித்தது, நாலாவது நான். ஆக, மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டேனா இல்லையா? கேட்கிறவர்கள் பதில் சொல்லாமல் கிளாஸைக் கழுவப் போடுகிறார்கள்.

கொஞ்ச வருஷத்துக்கு முன் ஒரு நைட் கிளப்பில் (பரோட்டாக் கடைதான், வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம்) அவனைப் பார்த்தேன். ஹார்பர் பக்கம் வேலை, வயிறு கொஞ்சம் போட்டிருந்தது. நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். தருவை, ஸ்டாப்பர், உயரமான பையன் என்று அடையாளம் சொன்னேன். முழித்தான். அவன் ஏமாற்றிய ஸ்டாப்பர்கள் எத்தனையோ பேர், என்னைத் தனியாக ஏன் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்? கடைசியில் ஜெர்ஸி கதையைச் சொன்னதும் பரோட்டாவைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

"அந்த நம்பரைக் கிழிச்சது நீங்கதானா? ஜெர்ஸியக் கெடுத்திட்டேன்னு எங்க சாரு எங்கிட்டல்லாண்ணே காசு வாங்கினாரு!"

வேறு வழியில்லை. இன்றைய பில் என்னுடையது என்று சொன்னேன். "சரிண்ணே" என்றான், அதே மரியாதையோடு. பிறகு கடைக்காரரைப் பார்த்து இன்னும் ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், ஒரு ஈரல் ஃப்ரை என்றான். நான் ஒரு கை தூரத்தில், ஒருக்களித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். தடுக்க முடியவில்லை.